மாநகரங்களின் முதுகு

ஆரணிப் பக்கம் ஒரு பட்டுச்சேலையைக் கையில் கொடுத்தால் யாரும் அதன் அழகில் மயங்கி நிற்க மாட்டார்கள். முதலில் திருப்புவார்கள். முன்பக்கம் எல்லாச் சேலையும் மகாராணிதான். அறுந்த இழை, தொங்குகிற ஜரிகை, அவசரத்தில் போட்ட முடிச்சு எல்லாம் பின்பக்கத்தில்தான் பிடிபடும். திலகவதிக்கு அதுவே பிழைப்பு. பெரிய கடைத்தெருவில் ஒரு பட்டுக்கடையில், நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை வாங்கி விரித்து, திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்கிற வேலை. சும்மா சொல்லக் கூடாது, கண் என்றால் கண் அது.

"திலகவதி கையில சேல போச்சுன்னாலே வயித்துல புளியக் கரைக்குது" என்று முள்ளிப்பட்டிலிருந்து வருகிற தறிக்காரர்கள் சொல்வார்கள்.

"ஏன் கரைக்குது? ஒழுங்கா நெய்ஞ்சா ஏன் கரைக்கப் போவுது?" என்பாள் அவள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்று சொல்வதைவிட, செய்துகொள்ளவில்லை என்று சொல்வதுதான் சரி. இருபது, இருபத்தைந்து வயதில் மாப்பிள்ளை வீட்டார் என்று கூட்டம் கூட்டமாக வந்து, பஜ்ஜியைத் தின்று, காபியைக் குடித்து, "சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. ஒருநாள், "இனிமே எவனாச்சும் என்னப் பாக்க வந்தா நான் வூட்ல இருக்க மாட்டேன்" என்று அறிவித்தாள். அடுத்த முறை அவர்கள் வந்தபோது உண்மையிலேயே இருக்கவில்லை. பேருந்தில் ஏறி வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்தாள். வீட்டில் பெரிய ரகளை. ஆனால் அன்றைக்கு அகழியின் ஓரமாக ஒண்டியாக நடந்த நடை இருக்கிறதே, அந்த ருசி அவளை விடவே இல்லை.

கேமரா பின்னால் வந்தது. வெளியூர் வாடிக்கையாளர்களுக்குச் சேலையைப் படம் எடுத்து அனுப்பக் கடை முதலாளி ஒரு கேமரா வாங்கினார். கடையில் யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. திலகவதி தலையில் கட்டினார்கள். அவள் ஒவ்வொரு சேலைக்கும் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்தாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "பின்பக்கத்த எவன் கேட்டான்?" என்றார். "கேக்காதவன் ஏமாந்தவன், மொதலாளி" என்றாள். எல்லார் கையிலும் நல்ல போன் வந்தபிறகு கேமரா அலமாரியில் தூங்கியது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஒருமுறை ஹைதராபாத்தில் சேலைக் கண்காட்சி. கடை சார்பில் போன மூன்று பேரில் அவளும் ஒருத்தி. கடைசி நாள் மத்தியானம் மற்ற இரண்டு பேரும் பிரியாணி சாப்பிடப் போக, இவள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சார்மினாருக்குப் போனாள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். நாலு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. இப்படியொரு கட்டடத்தை அவள் பார்த்ததே இல்லை. ஏமாற்றுவதற்கு ஒரு பக்கத்தைக்கூட மிச்சம் வைக்காமல் கட்டியிருக்கிறானே என்று நடுத்தெருவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். வளையல் கடைக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, வெயிலில் அம்மாவுக்குத் தலைசுற்றுகிறது போல என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து வைக்க முடியவில்லை. வருடத்துக்கு ஒரு பெரிய ஊர், சில வருடம் இரண்டு. காட்பாடியில் ரயிலேறினால் போதும், அவளுக்குக் கால் தரையில் நிற்காது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அதன் பின்பக்கத்துச் செங்கல் சுவர். மைசூரில் அரண்மனையின் பின்கட்டு. மும்பையில் மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. கேட்வே ஆஃப் இந்தியா கப்பலில் வருகிறவர்களுக்காகக் கட்டிய வாசல், அதன் முன்பக்கம் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி. தரையில் நின்று எடுக்கிற அத்தனை பேரும் பின்பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்! "அட, இங்க எல்லாருமே நம்ம ஆளா கீறானுங்களே" என்று சலித்துக்கொண்டு, படகில் ஏறிப் போய் முன்பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊர் ஊராகப் போய் அவள் எடுத்ததிலேயே முன்பக்கம் அது ஒன்றுதான்.

நல்லதாகப் பட்ட எட்டுப் படங்களைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, முன்னறைச் சுவரில் மாட்டினாள். அந்த வீடு அப்பா கட்டியது. அண்ணன் சக்கரவர்த்தி, அண்ணி பரிமளா, அவர்கள் மகள் சத்யப்ரியா, திலகவதி, நாலு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். சக்கரவர்த்தி அரிசி மில்லில் மேஸ்திரி. நல்ல மனுஷன், தங்கச்சி மேல் பாசம் உண்டு. ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற கவலையிலேயே பாதி முடி கொட்டிவிட்டது. "ஒண்டிக்கட்ட, கேமராவ மாட்டிகினு ஊர் ஊரா சுத்திகினு கீது" என்று தெருவில் யாராவது சொன்னால் அவனுக்குச் சோறு இறங்காது. திலகவதிக்கு இரண்டு கவளம் கூடவே இறங்கும்.

சத்யப்ரியாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் இந்தச் சுவர் ஒரு பிரச்சினையாகிவிட்டது.

முள்ளிப்பட்டில் வசதியான குடும்பம். வீட்டிலேயே ஏழெட்டுத் தறி ஓடுகிறது. பையன் ரஞ்சித்குமார், ஸ்ரீபெரும்புதூரில் வேலை. சத்யாவும் அவனும் போனில் பேசிப் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் சக்கரவர்த்தி தங்கச்சி முன்னால் வந்து நின்றான்.

"திலகா, ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் படத்தையெல்லாம் எறக்கி வெச்சுடலாமா?"

"ஏன்?"

"யாரு எடுத்ததுன்னு கேப்பாங்க."

"நான் எடுத்ததுன்னு சொல்லு."

"எங்க எடுத்ததுன்னு கேப்பாங்க. யாரு கூட போனேன்னு கேப்பாங்க. இன்னாத்துக்குப் பேஜாரு? பொண்ணோட அத்த இப்டின்னா, பொண்ணும் இப்டித்தான் இருக்கும்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"எப்டின்னா?" என்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இதற்குப் பதில் சொன்னால் அவள் சும்மா விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

பரிமளாதான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னாள். படம் இருக்கட்டும். யாராவது கேட்டால் தன் தம்பி விக்னேஷ் எடுத்தது என்று சொல்லிவிடலாம். சென்னையில் வேலை செய்கிறான், ஆண்பிள்ளை, எங்கே போனாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனையும் வரச் சொல்லலாம். திலகவதிக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளேயிருந்து சத்யா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் அவள். ரஞ்சித்தைப் பற்றிப் பேசும்போது சத்யாவின் முகம் எப்படி மலர்கிறது என்று பார்த்தவளும் அவள்தான்.

"சத்யாவுக்காக வாய மூடிக்கினு இருக்கறேன். போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ரஞ்சித்குமாரின் அப்பா வெள்ளை வேட்டியும் மீசையுமாக நாற்காலியை நிறைத்து உட்கார்ந்தார். அம்மா ரேணுகாம்பாள் உட்காரவே இல்லை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நேராகச் சுவர் பக்கம் போனாள். திலகவதி சமையல்கட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கதவுதான், எல்லாம் கேட்டது.

"யாரு எடுத்ததுங்க இதெல்லாம்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"நம்ம மச்சான் விக்னேஷுதாங்க" என்றான் சக்கரவர்த்தி. "லீவு கெடச்சா போதும், ஊர் ஊரா கெளம்பிடுவாப்ல."

"அப்டிதான் இருக்கணும் தம்பி! நாலு எடத்தப் பாக்கணும். உலகம் தெரிஞ்ச புள்ளன்னு மூஞ்சிலியே தெரியுதே."

விக்னேஷ் கூச்சத்தோடு சிரித்தான். அக்கா வீட்டுக்கு வருவதைத் தவிர அவன் தாம்பரத்தைத் தாண்டிப் போனதே அபூர்வம். திலகவதிக்கு எண்ணெய்ச் சட்டியைவிட அதிகமாகக் காந்தியது. அதே ஊர், அதே ரயில், அதே படம். அவன் போனால் உலகம் தெரிந்த பிள்ளை. இவள் போனால் ஊர் சுற்றுகிறவள். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்யாவுக்காக, சத்யாவுக்காக என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாழைக்காயை மாவில் தோய்த்தாள்.

அப்போதுதான் ரேணுகாம்பாள் கல்கத்தாப் படத்துக்கு முன்னால் நின்றாள்.

அது குமார்துலியில் எடுத்தது. துர்கா பூஜைக்குச் சிலைகள் செய்கிற சந்து. திலகவதி போனபோது சிலைகள் இன்னும் முடியவில்லை, கண் வரையவில்லை. எல்லாரும் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். இவள் பின்னால் போனாள். அங்கே மூங்கில், வைக்கோல், சணல் கயிறு, வெடித்துக் காய்ந்த களிமண். அந்த மண்ணின் மேல் யாரோ ஒருத்தனின் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தது. அழுதுகொண்டே எடுத்த படம் அது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஏன் தம்பி, சாமியப் போயி முதுகுப் பக்கமா எடுத்துகிற?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

விக்னேஷ் விழித்தான். "அது வந்து ஆன்ட்டி... முன்னாடி ஒரே கூட்டமா இருந்திச்சு. அதான், ஜல்தியா பின்னால போயி ஒண்ணு எடுத்துகினு வந்துட்டேன்."

பேரை எடுத்துக்கொண்டபோது பொறுத்தவள், பயணத்தை எடுத்துக்கொண்டபோது பொறுத்தவள், இதைப் பொறுக்கவில்லை. கூட்டமா? இடம் கிடைக்காமல் பின்னால் போய் எடுத்த படமா அது? திலகவதி ஜல்லிக் கரண்டியும் கையுமாக முன்னறைக்கு வந்துவிட்டாள்.

"கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேணும்னுதான் பின்னால போனேன். நான் எடுத்த படங்க அது. இங்க மாட்டியிருக்கற எட்டும் நான் எடுத்தது. இவன் கல்கத்தாவ மேப்புலகூட பாத்ததில்ல."

கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது.

"நீயா?" என்றாள் ரேணுகாம்பாள். "ஏன் பின்னால போன?"

"முன்னாடி சாமி இருக்குதுங்க. அத எல்லாரும் பாப்பாங்க. பின்னால அதச் செஞ்சவன் வெரலு இருக்குது. நாம பாக்கலன்னா யாரு பாக்கறது? கிட்ட போயி பாருங்க, அஞ்சு வெரலும் தெரியும்."

ரேணுகாம்பாள் கிட்டப் போய்ப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "கூட யாரு வந்தாங்க?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"யாரும் வரல. ஒண்டியாதான் போனேன். ஒண்டியாதான் எப்பவும் போவேன்."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரிங்க, வூட்ல கலந்துகினு சொல்லி அனுப்பறோம்" என்றார். திலகவதிக்கு அந்த வார்த்தை பழக்கம்.

அவர்கள் போனதும் சக்கரவர்த்தி கத்திய கத்தலில் எதிர்வீட்டு டிவி நின்றது. "ஒரு மணி நேரம் வாய மூடிக்கினு இருக்க முடியலயா உன்னால? ஒரு பொண்ணு வாழ்க்கைடீ!" என்றான். பரிமளா மூக்கைச் சிந்தினாள். திலகவதி கரண்டியைக் கீழே வைத்தாள். சத்யாவைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"அத்த, நீ கரண்டியோட வந்தியே, விக்னேஷ் மாமா தலையிலயே போடப் போறேன்னு நெனச்சேன்" என்று சத்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "எனக்கு அவரப் புடிச்சிருக்கு அத்த."

"தெரியும்டீ."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

திலகவதி சத்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் அதற்குத் தான்தான் காரணம். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. "வேணாம்னு சொல்லிட்டா நானே உன் கால்ல விழுவேன்" என்றாள். "ஆனா விக்னேஷு என் படத்தப் பத்திச் சொன்னதக் கேட்டுகினு உள்ள நிக்க என்னால முடியாதுடீ. இன்னொரு தபா கேட்டாலும் வெளிய வந்துதான் சொல்லுவேன்."

அந்த வாரம் முழுக்கத் தகவல் இல்லை. அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அப்பாவே போன் செய்தார். பையன் பிடிவாதமாக இருக்கிறான், பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆவணியில் பெண் வீட்டிலேயே நிச்சயம் வைத்துக்கொள்ளலாம். சக்கரவர்த்தி போனைக் கும்பிடாத குறை. கடைசியில் அவர் ஒன்று சொன்னார். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வருவார்கள். அந்தச் சுவர் அன்றைக்குச் சுத்தமாக இருந்தால் நன்றாக இருக்கும். உங்கள் தங்கச்சியும் கொஞ்சம் உள்பக்கமாகவே இருந்துகொண்டால் பேச்சுக்கு இடமிருக்காது. சக்கரவர்த்தி சரி சரி என்று தலையாட்டினான்.

"படம் எறங்காது. நானும் உள்ள இருக்க மாட்டேன். என்னப் பாக்கக் கூடாத அளவுக்கு நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்?" என்றாள் திலகவதி.

"அவங்க சம்பந்தி ஆவப் போறவங்க திலகா!"

"நான் ஏற்கெனவே உன் தங்கச்சி."

நிச்சயத்துக்கு முந்தின நாள் அவள் கடையிலிருந்து வந்தபோது சுவரில் படங்கள் இல்லை. சக்கரவர்த்தி அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து எட்டையும் கழற்றி, பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தான். திலகவதிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அண்ணா என்று கூப்பிட வாயைத் திறந்தவள், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

அந்த அறைக்கு நீல வர்ணம் அடித்துப் பல வருடமாகிறது. சாம்பிராணிப் புகையும் தெருப்புழுதியும் ஏறிச் சுவர் முழுக்கப் பழுப்பாகியிருந்தது. படம் மாட்டியிருந்த இடங்களில் மட்டும் நேற்று அடித்த மாதிரி பளீரென்று எட்டு நீலக் கட்டங்கள். சக்கரவர்த்தி ஈரத்துணியால் சுற்றிலும் தேய்த்துப் பார்த்திருக்கிறான். கோடுகோடாக இழுவிக்கொண்டு இன்னும் மோசமாகியிருந்தது. ஒரு கட்டத்தின் மேல் தினசரி காலண்டரை மாட்டியிருந்தான். காலண்டர் சின்னது. நாலு பக்கமும் நீலம் எட்டிப் பார்த்தது.

திலகவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபத்திலும் சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு.

"சிரிக்காத" என்றான் சக்கரவர்த்தி.

"படத்த நான் கேக்க மாட்டேன். மாட்டவும் மாட்டேன். ஆனா நாளைக்கு எவனாச்சும் இது இன்னா கட்டம்னு கேட்டான்னா, அங்கயே நின்னு பதில் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

வெள்ளையடிக்க நேரமில்லை. விடிந்தால் நிச்சயம். சக்கரவர்த்தி கையைப் பிசைந்துகொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். காலையில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. பரிமளாவின் கல்யாணப் பட்டுச்சேலையையும் இன்னொரு மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையையும் எடுத்து, ஆணிக்கு ஆணி கயிறு கட்டி, சுவர் முழுக்க மறைத்துத் தொங்கவிட்டான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அரிசி மில்லில் காலம் தள்ளியவனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வருகிறவர்கள் ஒரு வேன் நிறைய நெசவாளர்கள் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

வேன் வந்தது. வாங்க வாங்க என்று பன்னீர் தெளித்தார்கள். திலகவதி அரக்கு நிறப் பட்டுக் கட்டி, தலை நிறைய மல்லி வைத்து, வாசல் நிலைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாரையும் கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் இன்னொரு முறை கும்பிட்டாள்.

அறைக்குள் வந்த கூட்டத்தில் பாதிப் பேர் உட்காரவில்லை. நேராகச் சுவருக்குப் போனார்கள். பட்டுச்சேலையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஒரு பெரியவர் மயில்கழுத்துச் சேலையின் முந்தானை ஓரத்தைப் பிடித்து, நெசவு எப்படி என்று பார்க்கத் திருப்பினார். இன்னொரு அம்மா இந்தப் பக்கத்தைத் தூக்கினாள். இரண்டு பேரும் சேலையை மறந்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

"இன்னாது இது? கட்டம் கட்டமா கீது?" என்றார் பெரியவர்.

சக்கரவர்த்தி தாம்பாளத்தோடு அப்படியே நின்றான். "அது ஒண்ணும் இல்லீங்க, பழைய..." என்று இழுத்தான்.

"படம் இருந்த எடங்க" என்றாள் திலகவதி, வாசலிலிருந்து. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று உள்ளே வந்தாள். இரண்டு சேலையையும் கயிற்றிலிருந்து உருவினாள். கடையில் மடிக்கிற மாதிரியே மடித்துப் பரிமளா கையில் கொடுத்தாள். காலண்டரையும் எடுத்தாள். எட்டுக் கட்டமும் அத்தனை பேருக்கும் தெரிந்தது.

"நான் எடுத்த படம். எங்கண்ணாதான் எறக்கி வெச்சாரு. உங்களுக்கெல்லாம் தெரியக் கூடாதாம்."

"இன்னாம்மா படம்?" என்றார் பெரியவர்.

"இங்க ஹைதராபாத்து இருந்திச்சு" என்று முதல் கட்டத்தின் மேல் கையை வைத்தாள். சார்மினாருக்குப் பின்பக்கமே இல்லாததைச் சொன்னாள். நடுத்தெருவில் கும்பிட்டதையும் மறைக்காமல் சொன்னாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நாலு பக்கமும் ஒரே நேர்த்தியா? அவன்தாங்க வேலக்காரன்!" என்று ஒரு தறிக்காரர் தொடையைத் தட்டினார். அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தாள். கூட்டமும் நகர்ந்தது. மும்பைக் கட்டத்தில் படகு ஏறிய கதை. அலையில் கேமராவைப் பிடிப்பதா, தன்னைப் பிடிப்பதா என்று தெரியாமல் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரியைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னபோது ரஞ்சித்குமார் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்பா முறைத்தார். அவன் நிறுத்தவில்லை.

"அந்த சாமி எங்க?" என்று ரேணுகாம்பாள் முன்னால் வந்தாள்.

"இதோ, இந்தக் கட்டங்க."

ரேணுகாம்பாள் வெறும் நீலச் சுவரைத் தன் சொந்தக்காரிகளுக்குக் காட்டி, "இங்கதான் அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்திச்சு. நான் பாத்தேன்" என்று சொன்னாள். பிறகு சக்கரவர்த்தியைப் பார்த்து, "அந்தப் படத்த ஏங்க எறக்கினீங்க? யாரு எறக்கச் சொன்னாங்க?" என்று கேட்டாள். சக்கரவர்த்தி மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார்.

விக்னேஷ் கட்டிலுக்கு அடியில் குனியப் போனான். "அக்கா, நான் எடுத்துகினு வந்து மாட்டிடட்டுமா?"

"தொடாத" என்றாள் திலகவதி. "எறக்கினவருதான் மாட்டணும். அது வரைக்கும் வெறுஞ்சுவராவே இருக்கட்டும். எனக்குப் படம் வேணாம், எல்லாம் ஞாபகம் கீது."

சத்யா அலங்காரத்தோடு அறைக் கதவில் வந்து நின்றாள். கூப்பிடும் முன்னே மணப்பெண் வெளியே வரக் கூடாது என்று பரிமளா கண்ணாலேயே அடக்கினாள். சத்யா அதைப் பார்க்கவே இல்லை. "அத்த, டெல்லிய உட்டுட்ட" என்றாள்.

திலகவதி கடைசிக் கட்டத்துக்குப் போனாள். அது அண்ணன் ஈரத்துணியால் அதிகமாகத் தேய்த்த இடம். "இது டெல்லி செங்கோட்ட. முன்னாடி கொடி, போலீசு, வரிசை. நான் பின்னால போனேன். அந்தக் காலத்துல அங்க ஆறு ஓடிச்சாம், இப்ப ரோடு ஓடுது. நின்னு மேல பாத்தா ஒரு மாடம் தெரியும்..."

"போதும்மா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். குரலில் நெருப்பு இருந்தது. "ஐயர் காத்துகினு கீறாரு. நல்ல நேரம் போவுது. தட்டு மாத்தணும்."

சக்கரவர்த்தி தங்கச்சியைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். இருந்தும் சுவரில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"இருங்க சம்பந்தி" என்றாள். "டெல்லி இன்னும் முடியல. அந்த மாடத்துலதான் ராஜா தெனமும் வந்து நிப்பாராம், கீழ நிக்கற ஏழ சனங்களுக்கு மூஞ்ச காட்டறதுக்கு. முன்பக்கமா இல்ல. பின்பக்கமாதான்."

அவர் தட்டைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், தன் வேனில் வந்த ஜனங்களைப் பார்த்தார். ஒருத்தரும் அவர் பக்கம் திரும்பவில்லை. "எவ்ளோ ஒயரம் இருக்கும் அந்த மாடம்?" என்று பெரியவர் கேட்டார். திலகவதி கையை உயர்த்திக் காட்ட ஆரம்பித்தாள்.